கருவிக்கும் சாம்பிளுக்கும் நடுவே

மைக்ரோவேவ் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இந்தப் பொருளுக்கு எப்சிலான் எவ்வளவு வந்தால் சரி?" என்றுதான். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். திரையில் ஒரு கோடு ஓடுகிறது. அதை நம்பலாமா கூடாதா என்று சொல்ல ஆளில்லை. கருவியின் விலையை நினைத்தாலே கை நடுங்குகிறது. முப்பது வருடங்களுக்கு மேல் இந்த மேசைகளில் உட்கார்ந்து எழுந்தவள் என்ற உரிமையில், எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று நான் நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. கருவி எப்சிலானை அளப்பதில்லை என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். விஎன்ஏ என்று நாம் சுருக்கிச் சொல்லும் வெக்டார் நெட்வொர்க் அனலைசர் ஒரு போர்ட் வழியாக அலையை அனுப்பும். எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு மறுபக்கம் போய்ச் சேர்ந்தது, இரண்டும் எந்தக் கட்டத்தில் வந்தன என்று பார்க்கும். திரும்பியது எஸ்11, கடந்தது எஸ்21. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த இரண்டு எண்களிலிருந்து விடுதிறனையும் காந்த உட்புகுதிறனையும், அதாவது எப்சிலானையும் மியூவையும், வருவிப்பது கணக்கு. 1970-இல் நிக்கல்சனும் ராஸும், 1974-இல் வெய்ரும் எழுதிய வழி அது. இன்றும் பல மென்பொருட்களுக்குள் அதுதான் ஓடுகிறது. கணக்குக்குச் சாம்பிளைத் தவிர வேறொன்றும் தெரியாது. கேபிள் வளைந்ததால் மாறிய கட்டம், கனெக்டரில் ஒட்டிய தூசி, சாம்பிளின் ஓரத்தில் விட்டுப்போன காற்று எல்லாவற்றையும் அது பொருளின் குணம் என்றே எழுதிக் கொடுத்துவிடும். கருவிக்கும் சாம்பிளுக்கும் நடுவே இருப்பதைக் கவனிப்பதுதான் நம் வேலை.

2. உங்கள் கல்லூரியில் பழைய எக்ஸ் பேண்ட் பெஞ்ச் இருந்தால் அதில் ஒரு மாதமாவது உட்காருங்கள். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் அது இன்னும் இருக்கிறது: கிளைஸ்ட்ரான், ஐசொலேட்டர், அட்டனுவேட்டர், ஃப்ரீக்வென்சி மீட்டர், நடுவில் நீளவாக்கில் வெட்டுள்ள ஸ்லாட்டட் லைன், கடைசியில் விஎஸ்டபிள்யூஆர் மீட்டர். முதலில் மின்விசிறி, பிறகு ரிப்பெல்லர் மின்னழுத்தம் உச்சத்தில், அதன் பிறகே பீம் என்ற வரிசையை ஒருநாளும் மாற்றாதீர்கள். மாற்றினால் கிளைஸ்ட்ரான் போய்விடும்.

அந்த பெஞ்சில் முனையை உலோகத் தகட்டால் மூடிவிட்டு, புரோபை மெல்ல நகர்த்திப் பாருங்கள். மீட்டர் முள் ஏறும், இறங்கும். 10 கிகாஹெர்ட்ஸில் ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடையே சுமார் 19.9 மி.மீ. இருக்கும். திறந்த வெளியில் அரை அலைநீளம் 15 மி.மீ. தானே என்று அப்போது கேள்வி எழும். எழ வேண்டும். 22.86-க்கு 10.16 மி.மீ. அளவுள்ள குழாய்க்குள் அலை நீண்டுதான் ஓடும். இனி மூடிய முனையில் டெஃப்லான் துண்டை வைத்து மறுபடி அளந்தால் பள்ளம் இடம் மாறியிருக்கும். அந்த இடமாற்றத்திலிருந்தே எப்சிலானைக் கண்டுபிடிக்கலாம். 1946-இல் ராபர்ட்ஸும் வான் ஹிப்பலும் எழுதிய முறை அது. 1954-இல் வான் ஹிப்பல் தொகுத்து வெளியிட்ட மின்கடவாப் பொருட்களின் அட்டவணைகளை இன்றைக்கும் ஆட்கள் புரட்டுகிறார்கள். நிலை அலையைக் கையால் தொட்டுப் பார்த்தவருக்கு விஎன்ஏ திரையில் கோடு தப்பாகப் போனால் உடனே உறுத்தும்.

3. கனெக்டரை முறுக்கும்போது நட்டை மட்டும் திருப்புங்கள், உடலைத் திருப்பாதீர்கள். உடல் சுழன்றால் உள்ஊசி எதிர்ஊசியைச் சுரண்டும். அந்தச் சுரண்டல் கண்ணுக்குத் தெரியாது, அளவீட்டில் தெரியும். டார்க் ரென்ச் இல்லாமல் இறுக்காதீர்கள். 3.5 மி.மீ. வகைக்கு 0.9 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கம். ரென்ச் சற்று மடங்கத் தொடங்கும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, காய விட்டு, அதன் பிறகே பொருத்துங்கள். கைப்பட்டை கட்டாமல் போர்ட்டைத் தொடாதீர்கள். குளிரூட்டிய வறண்ட அறையில் உங்கள் உடம்பில் சேரும் நிலைமின்னே உள்ளிருக்கும் டயோடுகளைக் கொல்லப் போதும்.

4. கேலிப்ரேஷன் என்பது சடங்கு இல்லை. கருவியை இயக்கி ஒரு மணி நேரமாவது சூடேற விட்டு, அறையின் வெப்பம் நிலைத்த பிறகு தொடங்குங்கள். கோஆக்ஸியல் போர்ட்டில் ஷார்ட், ஓபன், லோட், த்ரூ என்று நான்கையும் வைத்துச் செய்வது நமக்குப் பழக்கம். வேவ்கைடில் அது அப்படியே நடக்காது. திறந்த வேவ்கைடு முனை ஓபன் ஆகாது. ஆண்டெனாவாகி அலையை வெளியே வீசும். அங்கே த்ரூ, ரிஃப்ளெக்ட், லைன் என்ற மூன்றே போதும். 1979-இல் எங்கனும் ஹோயரும் தந்த அந்த முறையின் அழகு என்னவென்றால், பிரதிபலிக்கும் தகடு எவ்வளவு பிரதிபலிக்கிறது என்பது நமக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியதில்லை. லைன் துண்டு மட்டும் கால் அலைநீளத்துக்கு அருகில் இருக்க வேண்டும். எக்ஸ் பேண்டின் நடுவில் அது ஏறக்குறைய 10 மி.மீ. கட்டம் 20 டிகிரிக்குக் கீழோ 160 டிகிரிக்கு மேலோ போகும் அலைவெண்களில் அந்தத் துண்டை நம்பாதீர்கள்.

முடிந்ததும் ஷார்ட்டை மறுபடி மாட்டி, "சரியாக இருக்கிறது" என்று திருப்திப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேலிப்ரேஷனுக்குப் பயன்படுத்திய பொருளே அதற்குச் சாட்சி சொல்ல முடியாது. அதில் சேராத ஒன்றை, காலி ஹோல்டரையாவது, அளந்து பாருங்கள். காலி ஹோல்டரில் எப்சிலான் 1, மியூ 1 என்று வர வேண்டும். வரவில்லை என்றால் சாம்பிளைத் தொடாதீர்கள்.

5. கேலிப்ரேஷன் முடிந்த பின் கேபிளை அசைக்காதீர்கள். திரவத்தை புரோபால் அளக்கும்போது புரோபைக் கையில் எடுத்துக் குவளைக்குள் விடுவார்கள், தவறு. புரோபை ஸ்டாண்டில் இறுக்கிவிட்டு, குவளையை லேப் ஜாக்கின் மேல் வைத்து, திரவத்தைப் புரோபிடம் மெல்ல உயர்த்துங்கள்.

6. சாம்பிள் செய்வதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

வேவ்கைடில் மின்புலம் ஒரு அகலச் சுவரிலிருந்து எதிர் அகலச் சுவருக்குச் செங்குத்தாக நிற்கிறது. சாம்பிளின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருந்தால், மின்புலம் சாம்பிளையும் காற்றையும் தொடராகக் கடந்தாக வேண்டும். இரண்டு மின்தேக்கிகளைத் தொடரில் வைத்தால் சிறியதுதான் ஆட்டிவைக்கும் என்று பள்ளியில் படித்தது இங்கே வந்து நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இடைவெளி 0.1 மி.மீ., அதாவது தடித்த தலைமுடி ஒன்றின் அகலம். டெஃப்லானுக்கு 2.05 வர வேண்டிய இடத்தில் 2.03 வரும், பரவாயில்லை. அலுமினாவுக்கு 9.8 வர வேண்டிய இடத்தில் 9.0 வரும். எப்சிலான் 50 உள்ள செராமிக்கைக் கொண்டுவந்தால் கருவி 34 என்று சொல்லும். ஒரே தலைமுடிதான். பொருளின் எப்சிலான் ஏற ஏற அது செய்யும் சேதமும் ஏறுகிறது. பக்கவாட்டுக் குறுகிய சுவர்களில் அதே இடைவெளி இருந்தால் ஒன்றும் கெடாது, அங்கே மின்புலம் இல்லை. கோஆக்ஸியல் ஹோல்டரில் வளைய வடிவச் சாம்பிள் போடுகிறீர்கள் என்றால் உள்கம்பியைச் சுற்றிய இடைவெளிதான் ஆபத்து. மின்புலம் அங்கேதான் அடர்ந்திருக்கிறது.

ஆகவே லேத் பட்டறைக்கு வரைபடத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நேரில் போங்கள். ஹோல்டரையே கையில் எடுத்துப் போங்கள். எந்த இரண்டு முகங்கள் இறுக்கமாக உட்கார வேண்டும், எந்த இரண்டு முகங்களில் விட்டுக்கொடுக்கலாம் என்று மெஷினிஸ்டிடம் சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் புரிந்த கை வேறு மாதிரி வேலை செய்யும். எங்கள் பட்டறையில் இருந்த ஒரு பெரியவர், நான் ஒரு முறை விளக்கிய பிறகு, அகலச் சுவரைத் தொடும் முகங்களில் பென்சிலால் தாமே ஒரு புள்ளி வைத்து அனுப்புவார். டெஃப்லான் மிருது, அழுத்தி நுழைத்துவிடலாம். அலுமினா போன்ற கடினப் பொருளை வைரச் சக்கரத்தில்தான் தேய்க்க முடியும். அதில் இடைவெளி தவிர்க்க முடியாது என்று தெரிந்தால், அகலச் சுவரைத் தொடும் முகங்களில் வெள்ளிப் பேஸ்ட் பூசுங்கள். கடைசி மெருகுக்கு உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்க்காதீர்கள், ஓரங்கள் உருண்டுவிடும். சமதளக் கண்ணாடியின் மேல் தாளை ஒட்டி, துண்டை அதன் மேல் நகர்த்துங்கள். தடிமனை ஐந்து இடங்களில் மைக்ரோமீட்டரால் அளந்து ஐந்தையும் எழுதுங்கள்.

சாம்பிள் ஹோல்டருக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். 0.1 மி.மீ. தள்ளியிருந்தால் 10 கிகாஹெர்ட்ஸில் எஸ்11-இன் கட்டம் கிட்டத்தட்ட 1.8 டிகிரி தப்பும்.

காற்று இடைவெளியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஜகதீஷ் சந்திர போஸ் நினைவுக்கு வருவார். 1890-களில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில், 5 மி.மீ. வரை குறுகிய அலைகளைத் தாமே உண்டாக்கி, கந்தகத்தின், கண்ணாடியின் ஒளிவிலகல் எண்களை அந்த அலைகளுக்கு அளந்தவர். இரண்டு முப்பட்டகங்களை எதிரெதிரே வைத்து, நடுவிலுள்ள காற்று இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால் கடந்து போகும் அலை எப்படி மாறுகிறது என்று தனியாகவே ஆராய்ந்தார். நாம் பயப்படும் இடைவெளியை அவர் ஆய்வுப் பொருளாக்கினார். மைக்ரோவேவில் பொருட்களை அளக்கும் வேலை எங்கிருந்தோ நமக்கு இறக்குமதியாகி வந்தது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

7. ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் அளந்த நைலானும் பங்குனியில் அளந்த நைலானும் ஒன்றல்ல. தண்ணீரின் எப்சிலான் அறை வெப்பத்தில் 80-ஐ ஒட்டியது, பிளாஸ்டிக்குகளுக்கோ 2, 3. ஆகவே துளி ஈரமும் எண்ணைத் தூக்கிவிடும். இழப்பை இன்னும் அதிகமாகத் தூக்கும். நான் சேர்ந்த முதல் வருடம், அடைமழைக் காலத்தில், ஒரே நைலான் துண்டு காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் காட்டியது. கருவியில் பழுது என்று புகார் எழுதினேன். மூத்தவர் ஒருவர் துண்டை அடுப்பில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் இரவு முழுக்க வைத்துக் கொடுத்தார். மறுநாள் எண் ஆடவில்லை. அன்றிலிருந்து சாம்பிளின் எடையையும் அளவீட்டுக்கு முன்னும் பின்னும் எழுதிவைக்கிறேன்.

8. தடிமனைத் தேர்ந்தெடுக்கும் முன் அரை அலைநீளத்தைக் கணக்கிடுங்கள். சாம்பிளுக்குள் அலை அரை அலைநீளம் ஓடும் இடத்தில் முன்முகப் பிரதிபலிப்பும் பின்முகப் பிரதிபலிப்பும் ஒன்றையொன்று அழித்துவிடும். எஸ்11 ஏறக்குறைய இல்லாமல் போகும். இல்லாத ஒன்றின் கட்டத்தைக் கருவி எப்படி அளக்கும்? நிக்கல்சன்-ராஸ்-வெய்ர் கணக்கு அந்த இடத்தில் ஊசி ஊசியாகத் துள்ளும். எக்ஸ் பேண்ட் வேவ்கைடில் 10 கிகாஹெர்ட்ஸில் டெஃப்லானுக்கு இது 11.8 மி.மீ., அலுமினாவுக்கு 4.9 மி.மீ. அந்தத் துள்ளலைப் பார்த்து "ஒத்ததிர்வு கண்டுபிடித்தேன்" என்று எழுதிவந்த கட்டுரைகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பொருள் காந்தத் தன்மையற்றது என்று உறுதியானால் மியூவை 1 என்று வைத்து எப்சிலானை மட்டும் தேடும் கணக்குக்குப் போங்கள். 1990-இல் பேக்கர்-ஜார்விஸும் உடன் பணியாற்றியவர்களும் காட்டிய அந்த வழியில் ஊசிகள் வராது.

9. இழப்பு மிகக் குறைந்த பொருளை வேவ்கைடில் அளக்க முயலாதீர்கள். டெஃப்லானின் டான் டெல்டா 0.0003 அளவு. 10 மி.மீ. துண்டைக் கடக்கையில் அலை இழப்பது 0.005 டெசிபெல்லுக்கும் குறைவு. கனெக்டரைக் கழற்றி மாட்டினாலே அதைவிட அதிகம் ஆடும். அங்கே ஒத்ததிர்வுக் குழிக்கு, கேவிட்டிக்குப் போக வேண்டும். சிறு சாம்பிளை மின்புலம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் வைத்தால் ஒத்ததிர்வு அலைவெண் கீழே நகரும், முனை அகலமாகும். நகர்ந்ததிலிருந்து எப்சிலான், அகன்றதிலிருந்து இழப்பு. கேவிட்டியோடு இணைப்பை மெல்லியதாக வையுங்கள். உச்சியிலேயே எஸ்21 மைனஸ் 40 டெசிபெல்லுக்குக் கீழே இருந்தால், நீங்கள் படிக்கும் கியூ உண்மையான கியூவிலிருந்து 1 சதவீதத்துக்குள் இருக்கும். சாம்பிள் பெரிதாக இருந்தால் சிக்னல் நன்றாகத் தெரிகிறதே என்று ஆசைப்படாதீர்கள். கேவிட்டிக்குள் இருக்கும் புலத்தைச் சாம்பிள் கலைக்காத வரைதான் அந்தக் கணக்கு செல்லும்.

மெல்லிய தகடுகளுக்கு ஸ்ப்ளிட் போஸ்ட் ரெசொனேட்டர் இருக்கிறது. வார்சாவில் கிருப்காவின் உழைப்பால் வளர்ந்த கருவி. இரண்டு செராமிக் வட்டுகளுக்கு நடுவே தகட்டைச் செருகினால் போதும், வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம். தடிமனில் செய்யும் பிழை மட்டும் அப்படியே எப்சிலானில் வந்து உட்காரும்.

10. எந்தத் திசையில் அளந்தீர்கள் என்று எப்போதும் எழுதுங்கள். சர்க்யூட் போர்டு எஃப்ஆர்-4 கண்ணாடி நூலை நெய்து பிசினில் தோய்த்தது. ஸ்ப்ளிட் போஸ்டில் மின்புலம் தகட்டின் தளத்திலேயே, நூலின் வழியாக ஓடும். ஸ்ட்ரிப்லைனில் தகட்டைக் குறுக்கே கடக்கும். இரண்டு எண் வரும், இரண்டும் சரிதான். போர்டில் கோடு வரைகிறவருக்கு இரண்டாவதுதான் பெரும்பாலும் வேண்டும். முதலாவதைக் கொடுத்துவிட்டால் அவருடைய ஃபில்டர் அலைவெண் தள்ளிப்போகும்.

11. திரவங்களுக்குத் திறந்த முனை புரோப் வசதியானது. காற்று, ஷார்ட், தண்ணீர் மூன்றையும் வைத்துக் கேலிப்ரேட் செய்வோம். தண்ணீரின் வெப்பத்தை அப்போதே தெர்மாமீட்டரால் அளந்து கொடுங்கள். அதன் நிலை எப்சிலான் 20 டிகிரியில் 80, 30 டிகிரியில் 76.6. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து 25 டிகிரி என்று எழுதினால் எல்லாமே சாய்ந்துவிடும். அதிலுள்ள உப்பு இழப்பைக் கூட்டுவது தனி. வாலை வடிநீர்தான் வேண்டும். முனையில் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள். இதோடு ஒன்று: சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸ் தண்ணீரின் ஒத்ததிர்வு என்று பாடம் நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். தண்ணீர் இழப்பின் உச்சம் 25 டிகிரியில் 19 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது, அதுவும் அகலமான மேடு. புரோப் உங்கள் கையில் இருக்கிறது. நீங்களே அளந்து பார்க்கலாம்.

12. இழப்பு எதிர்க்குறியில் வந்தால் நிறுத்துங்கள். உங்கள் மேசையில் இருக்கும் களிமண்ணும் ரப்பரும் அலைக்கு ஆற்றல் கொடுப்பதில்லை. மியூவின் இழப்பு கீழே இறங்கும் அதே அலைவெண்ணில் எப்சிலானின் இழப்பு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் பெரும்பாலும் சாம்பிள் இருக்கும் இடமோ தடிமனோ இடைவெளியோ தப்பு. அந்தப் பகுதியை வரைபடத்திலிருந்து அழித்துவிட்டு மீதியை வெளியிடுவது நாணயமான வேலை இல்லை. தப்பு அங்கே மட்டும் தெரிகிறது, இருப்பதோ எல்லா இடத்திலும்.

13. ரேடார் அலையை உறிஞ்சும் பொருள் செய்கிறவர்களுக்கு: தூளைப் பாரஃபின் மெழுகில் கலந்து வளையமாக்கி அளக்கிறீர்கள். அளந்தது கலவையை. எடையில் எத்தனை பங்கு தூள் என்று சொல்லாமல் எண் கொடுத்தால் அந்த எண்ணை யாரும் திரும்ப எடுக்க முடியாது. வளையத்தின் எப்சிலானையும் மியூவையும் வைத்து, உலோகத்தின் மேல் ஒட்டிய தகடு மைனஸ் 50 டெசிபெல் பிரதிபலிக்கும் என்று கணினியில் கணக்கிட்டு நிறுத்திவிடாதீர்கள். மைனஸ் 20 என்றாலே 99 சதவீதம் உறிஞ்சியாகிவிட்டது. ஒரு தகடாவது உண்மையில் வார்த்து, உலோகத்தின் மேல் ஒட்டி, ஹார்ன் ஆண்டெனா முன்னால் வைத்துப் பாருங்கள்.

14. டெஃப்லான் துண்டு ஒன்றை உங்களுக்கென்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தி உட்காரும் அளவில், முகங்கள் சமமாக. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் அதை அளந்து எண்ணை நோட்டில் எழுதுங்கள். 2.05-ஐ ஒட்டி நிற்கும் அந்த எண் ஒருநாள் 2.11 என்று காட்டினால், அன்று நீங்கள் அளந்த மற்ற எதையும் வெளியே கொடுக்காதீர்கள். என்னுடைய துண்டு ஆய்வகத்திலேயே இருக்கிறது, இடது பக்க அலமாரியின் இரண்டாம் இழுப்பறையில், பருத்தித் துணியில் சுற்றி. தடிமன் ஐந்து இடங்களில் அளந்து எழுதிய சீட்டும் கூடவே இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்துங்கள். முகங்களை விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.

15. அறிக்கையில் எப்சிலானும் டான் டெல்டாவும் மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அலைவெண், வெப்பம், ஈரப்பதம், எந்த முறை, சாம்பிளின் தடிமனும் அதன் பிழையும், உலர்த்திய விதம், மின்புலத்தின் திசை, எண்ணின் இருபுறமும் எவ்வளவு ஐயம் இருக்கிறது, காற்று இடைவெளிக்குத் திருத்தம் செய்தீர்களா என்பது எல்லாம் வேண்டும். விமான மூக்கின் ரேடோமை வடிவமைக்கிறவர் சுவரின் தடிமனை உங்கள் எண்ணிலிருந்துதான் கணக்கிடுவார். தானியத்தின் ஈரத்தை அளக்கும் கருவி செய்கிறவரும், கட்டியைச் சூடாக்கிச் சிகிச்சை தர முயலும் மருத்துவக் குழுவும் அதைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் உங்கள் மேசையைப் பார்த்ததில்லை, உங்களைக் கேட்கவும் வரமாட்டார்கள். அவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு அந்தத் தாளிலேயே பதில் இருக்கட்டும். அலைவெண்ணுக்குப் பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள். மழைக்காலமா வெயில்காலமா என்று அதிலிருந்தே தெரிந்துகொள்வார்கள்.